க்ளவுன்ஃபிஷ் முட்டை ரெண்டு தடவையும் பொரிக்கல, எங்க தப்பு?

அரைத்தூக்கம்:
வணக்கம் மக்களே. ஓசெல்லாரிஸ் க்ளவுன்ஃபிஷ் (ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன்) ஜோடி ஒண்ணு ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன், இப்பதான் முட்டை போட ஆரம்பிச்சிருக்கு, அதுலதான் சிக்கல். சின்ன மண்சட்டி ஒண்ண சாய்ச்சுப் போட்டிருந்தேன், அதோட உள்பக்கம் ஒட்டவெச்சிருக்கு, ஒரு இருநூறு முந்நூறு இருக்கும். முதல் ரெண்டு மூணு நாள் நல்ல ஆரஞ்சு, அப்புறம் பழுப்பாகி, ஏழாம் நாள் பாத்தா ஒவ்வொரு முட்டைக்குள்ளயும் ரெண்டு வெள்ளிப் புள்ளி, கண்ணு! டார்ச் அடிச்சா மொத்த சட்டியும் நம்மளத் திரும்பிப் பாக்குற மாதிரி இருக்கு. அப்பன் மீன் விடாம செட்டையால விசிறிட்டு, செத்த முட்டைய வாயால பொறுக்கிட்டு, அவ்ளோ பொறுப்பு. எட்டாம் நாள் ராத்திரி பொரிக்கும்னு படிச்சுட்டு முழிச்சிருந்தேன், ஒண்ணும் நடக்கல. ஒம்பது, பத்து, பதினோராம் நாள் எல்லாம் வெளுத்துப் போச்சு, அப்பனே தின்னு முடிச்சுட்டான். ரெண்டாவது தடவையும் அச்சு அசல் இதே கதை. வெப்பம் 27 டிகிரி, உப்பு சரியா இருக்கு, தண்ணி மாத்திட்டுதான் இருக்கேன். வேற என்ன பாக்கணும்?

பழைய_தொட்டி:
தம்பி ஒரே கேள்வி. ராத்திரி டேங்க் பக்கத்துல ஏதாவது வெளிச்சம் இருக்கா?

அரைத்தூக்கம்:
நீல கலர் எல்இடி ஒண்ணு விடிய விடிய எரியும் அண்ணே, நிலா வெளிச்சம் மாதிரி அழகா இருக்கும்னு மாட்டினது. அது ரொம்ப மங்கல்தான், அதனாலயா?

பழைய_தொட்டி:
அதேதான். மாட்டிக்கிட்டது நீ இல்ல, முட்டை. இருட்டு விழணும், முழு இருட்டு, அப்பதான் உள்ள இருக்கறது புரண்டு உதைச்சு தோலக் கிழிச்சுட்டு வரும். ப்ரீடிங் பண்றவன் எல்லாரும் பொரிக்கிற ராத்திரி டேங்க் மேல போர்வை போத்திடுவான். விளக்கணைச்சு ஒரு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும்.

முட்டைச்சிப்பி:
இத சோதனையாவே பண்ணிருக்காங்க, 2019ல வந்த ஆய்வு, இதே ஓசெல்லாரிஸ் மீன்தான். ராத்திரி முழுக்க எல்இடி எரிஞ்ச டேங்க்ல ஒரு முட்டை கூட பொரிக்கல. ஒண்ணு கூட. விளக்க எடுத்ததும் பழையபடி பொரிக்க ஆரம்பிச்சிருக்கு. பெத்தது நல்லா பெத்திருக்கு, கரு நல்லா வளந்திருக்கு, கடைசி நிமிஷத்துல கதவு தொறக்கல, அவ்ளோதான். நீங்க கண்ணால பாத்தது அதேதான்.

அரைத்தூக்கம்:
சரி அக்கா, ஆனா ஏன்? முட்டைக்கு எதுக்கு இருட்டு? என் டேங்க்ல அத தின்ன எந்த மீனும் கிடையாது, இந்த ஜோடியும் ரெண்டு இறாலும்தான்.

முட்டைச்சிப்பி:
உங்க டேங்க்ல யாரு இருக்காங்கன்னு முட்டைக்குத் தெரியாதுல்ல? அதோட பாட்டன் பூட்டன் எல்லாம் பவளப்பாறையில பொரிச்சது. பகல்ல அந்தப் பாறை ஓரத்துல பிளாங்க்டன் (தண்ணியில மிதக்கற குட்டி உயிருங்க) தின்னி மீனுங்க திரை கட்டின மாதிரி கூட்டமா நிக்கும், தண்ணியில மிதந்து வர்ற ஒவ்வொரு துணுக்கையும் கண்ணால பாத்து பாத்து கொத்தும். 4 மில்லிமீட்டர் குஞ்சு, முழு உடம்பும் கண்ணாடி, கண்ணு மட்டும் பளபளன்னு, அதுக்கு நடுவுல பொரிச்சா பத்து நிமிஷம் தாங்காது. ராத்திரி அந்தக் கூட்டம் பாறை இடுக்குல தூங்கப் போயிடும். ராத்திரியும் வாய் இருக்கு, பவளமே பிளாங்க்டன் பிடிக்கும், ஆனா கண்ணால தேடி வேட்டையாடுறது கம்மி. அதனால "இருட்டுனா வா, இல்லன்னா காத்திரு"ன்னு இருந்த வம்சம்தான் மிஞ்சிருக்கு. காத்திருக்கறதுக்கும் ஒரு அளவு உண்டு, மஞ்சக்கரு தீந்து போச்சுன்னா உள்ளயே செத்துடும்.

நீரோட்டம்:
உள்ள வர்றதுக்கு மன்னிக்கணும், க்ளவுன்ஃபிஷ் விஷயம் சரி. ஆனா கடலோர உயிர் எது எப்ப முட்டை போட்டாலும் "எதிரி பயம்"னு ஒரே பதிலா சொல்றது ஒரு வியாதி மாதிரி ஆயிடுச்சு. பாதிக்கு மேல தண்ணி பண்ற வேலை, ஏத்தம் வத்தம் (கடல் தண்ணி ஏறி இறங்கறது), அலை, வெப்பம். க்ரனியன் மீன எடுத்துக்கோங்க, கலிஃபோர்னியா கரையில இருக்கே. பௌர்ணமி அமாவாசை முடிஞ்சு மூணு நாலு ராத்திரி, ஏத்தம் உச்சிக்குப் போய் இறங்கறப்போ ஆயிரக்கணக்குல கரை ஏறி வரும். பொம்பள மீன் வாலால மணலக் குடைஞ்சு செங்குத்தா நின்னு முட்டைய உள்ள இறக்கும், ஆம்பள மேல சுத்திக்கிட்டு கிடக்கும், அடுத்த அலையில ரெண்டும் திரும்பிப் போயிடும். அடுத்தடுத்த நாள் ஏத்தம் கம்மி கம்மியாத்தான் வரும், அதனால முட்டைய அலை தொடாது. பத்து நாள்ல குஞ்சு ரெடி, ஆனா வெளிய வராது. அடுத்த பெரிய ஏத்தம் வந்து மணலக் கலக்கி முட்டைய ஆட்டினாத்தான் சில நிமிஷத்துல பொரிக்கும். இதுல எதிரி எங்க இருக்கு? முழுக்க நிலா போட்ட டைம்டேபிள். ராத்திரி வர்றதே பறவைக்குப் பயந்துன்னு சொல்லுவீங்க, ஆனா கலிஃபோர்னியா வளைகுடாவுல இருக்கற இதோட பங்காளி இனம் பட்டப்பகல்லயும் கரை ஏறுது, பறவை கொத்திட்டுப் போனாலும் சரின்னு. பெரிய ஏத்தம் அங்க பகல்லயும் வருது, அதான் காரணம்.

முட்டைச்சிப்பி:
நல்ல பாயிண்ட், பங்காளி இனம் உதாரணம் ரொம்பப் பொருத்தம், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், ஒரு மீன் தண்ணிய விட்டுட்டு மணல்ல முட்டை வைக்கிற அளவுக்கு ஏன் போச்சு? தண்ணிக்குள்ள முட்டை தின்னறதுக்கு அவ்ளோ வாய். எப்ப வைக்கிறதுன்னு சொல்றது ஏத்தம், ஏன் அங்க வைக்கணும்னு சொல்றது வாய். ரெண்டு வேற கேள்வி.

சும்மா_வந்தேன்:
நான் மீன் சாப்பாடு எவ்ளோ போடணும்னு கேக்க வந்தவன், இங்க உக்காந்துட்டேன். தொடருங்க 🍿

நீரோட்டம்:
அது கதை சொல்ற மாதிரிதான் இருக்கு அக்கா. எதிரி காரணமா தண்ணி காரணமான்னு பிரிச்சுக் காட்ட வழி இருக்கா? ராத்திரிப் பெரிய ஏத்தம்னா இருட்டும் வருது நீரோட்டமும் வருது, எது எதுக்குன்னு எப்படிச் சொல்றது?

முட்டைச்சிப்பி:
நண்டு வெச்சுப் பிரிச்சிருக்காங்க. மோர்கன், கிறிஸ்டின்னு ரெண்டு பேரு, 1990கள்ல செஞ்ச வேலை. கரையோர நண்டு பலதும் ராத்திரி, பெரிய ஏத்தம் நேரமாப் பாத்துத்தான் குஞ்சு விடும், பொம்பள நண்டு தண்ணி ஓரத்துல நின்னு வயித்து மடிப்ப படபடன்னு அடிக்கும், ஆயிரக்கணக்கான லார்வா புகை மாதிரி கிளம்பி வத்தத்தோட வெளிக்கடலுக்குப் போயிடும். நீரோட்டம் மட்டும்தான் காரணம்னா எல்லா நண்டும் ஒரே கட்டுப்பாட்டோட இருக்கணும்ல? இல்ல. முள்ளு சின்னதா, கண்ணுக்கு நல்லா தெரியற மாதிரி லார்வா உள்ள இனங்க நேரத்துல கறார். லார்வாவுக்கு நீள முள்ளு இருந்து சின்ன மீன் வாயில குத்துற மாதிரி இருந்தாலோ, கண்ணுக்கே தெரியாத நிறமா இருந்தாலோ அந்த இனம் கொஞ்சம் தளர்த்தியா இருக்கும். ஒரே கரை, ஒரே ஏத்தம் வத்தம். மாறுறது எவ்ளோ ஈஸியா மாட்டும்ங்கறது மட்டும்தான். எனக்கு இது போதும்.

நீரோட்டம்:
இது கதை இல்ல, சரி. நண்டுக்கு ஒத்துக்கறேன் 😀 ஆனா பவளத்துக்கு ஒத்துக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவோட கிரேட் பாரியர் ரீஃப்ல பௌர்ணமி முடிஞ்சு சில நாள்ல ஒரே ராத்திரி நிறைய இனம் சேந்து முட்டை விந்து மூட்டைய விடுது, எதிரிக்கு வயிறு நிறைஞ்சு மிச்சம் தப்பிக்கும்னு எல்லா டாக்குமெண்டரியிலயும் சொல்றாங்க. ஆனா பவளம் நகர முடியாது, விந்து தண்ணியில கலந்த கொஞ்ச நேரத்துல நீர்த்துப் போயிடும். பக்கத்து வீட்டுக்காரனும் அதே நேரம் விடலன்னா முட்டை கருவே ஆகாது. எதிரியே இல்லாத கடல்னாலும் பவளம் ஒரே நேரத்துலதான் விட்டாகணும். வயிறு நிரப்பறது போனஸ்.

முட்டைச்சிப்பி:
இதுல நான் உங்க கட்சி. ஒரே இனம் ஒரே நேரத்துல விடறதுக்கு அதுதான் முதல் காரணம். வெவ்வேற இனமும் அதே ராத்திரியச் சேர்த்து எடுக்கறது ஏன்னு கேட்டா அப்பதான் வயிறு நிரப்பற கணக்கு கொஞ்சம் உள்ள வருது, அங்கயும் வெப்பம், அமைதியான கடல்னு வேற காரணமும் இருக்கு. இந்த ஒத்திசைவு குலைஞ்சா என்ன ஆகும்னு செங்கடல்ல பாத்திருக்காங்க, 2019ல வந்துச்சு, சில இனங்க முன்னப் பின்ன நாள்ல விட ஆரம்பிச்சிடுச்சு, அந்த இனத்துல புதுக் குட்டிப் பவளமே ரொம்பக் குறைவு. பெரிய பவளம் நல்லாத்தான் நிக்குது, பாத்தா ஆரோக்கியம், வாரிசு மட்டும் இல்ல. தம்பியோட நீல விளக்கு அங்கயும் இருக்கு, கரையோர நகர வெளிச்சம் விழற பாறைங்கள்ல பவளம் பௌர்ணமிக்கு ஒண்ணு ரெண்டு மூணு நாள் கிட்டத்துலயே விட்டுடுதுன்னு 2023ல கண்டுபிடிச்சாங்க. சூரியன் மறைஞ்சு நிலா வர்றதுக்கு நடுவுல இருக்கற அந்த இருட்டு இடைவெளிதான் அதுக்கு அலாரம், அதப் போய் விளக்கு கெடுத்துடுது.

கொட்டலசு_ரசிகன்:
இவ்ளோ நேரம் பேசிட்டு என் தலைவனப் பத்தி யாரும் பேசலயே. பாறையில கப்பல் அடியில வெள்ளையா குட்டி எரிமலை மாதிரி ஒட்டிட்டு இருக்குமே பார்னக்கிள், கொட்டலசு. டார்வின் எட்டு வருஷம் இதயே பாத்துட்டு இருந்தாரு. நகர முடியாது, ஆனா பக்கத்துல இருக்கறத கருத்தரிக்க வைக்கணும், அதனால உடம்ப விட பல மடங்கு நீளமான ஆண்குறிய வெளிய நீட்டி சுத்தி முத்தி தடவித் தேடும். உடம்பு அளவோட ஒப்பிட்டா உலகத்துலயே நீளமானது இதுதான். இப்ப யோசிங்க, அலை மோதுற பாறையில அவ்ளோ நீளமா மெல்லிசா நீட்டினா என்ன ஆகும்? நீரோட்டம் அண்ணே உங்களுக்குப் பிடிக்கும் இது. கனடா மேற்குக் கரையில பாத்தாங்க, 2008ல வந்தது, அமைதியான குடாவுல இருக்கறதுக்கு நீளமா மெல்லிசா, அலை அடிக்கிற பாறையில இருக்கறதுக்கு குட்டையா தடிமனா. பிறப்புலயே ரெண்டு ஜாதியான்னு பாக்க இடம் மாத்தி வெச்சாங்க, இடத்துக்குத் தக்க மாதிரி அதுவே மாறிடுச்சு. இங்க எதிரியே கிடையாது, அலை மட்டும்தான் செதுக்குது.

எதிரி கட்சிக்கும் ஒண்ணு சொல்றேன், நியாயம் வேணும்ல. கலிஃபோர்னியா வளைகுடாவுல ஒரு குட்டி பார்னக்கிள், அத தின்ன ஒரு நத்தை வரும், ஓட்டு உதட்டுல முள்ளு ஒண்ணு இருக்கும், அத வெச்சு மேல இருக்கற மூடிய இடிச்சுத் தொறக்கும். நத்தை நடமாட்டம் இருக்கற இடத்துல வளர்ற குட்டி பார்னக்கிள் நேரா எரிமலை மாதிரி வளராம சாஞ்சு வளரும், வாய் பக்கவாட்டுல தரைய ஒட்டி இருக்கும், நத்தைக்கு இடிக்க வாட்டம் கிடைக்காது. உயிர் தப்பிக்குது. ஆனா அதுக்கு விலை உண்டு, சாஞ்சது மெதுவா வளரும், முட்டையும் கம்மி. நத்தை இல்லாத இடத்துல சாஞ்சு நிக்கறவன் முட்டாள், இருக்கற இடத்துல நேரா நிக்கறவன் முட்டாள், அதனால ரெண்டு வடிவமும் பொழைக்குது. லைவ்லின்னு ஒருத்தர் 1986லயே எழுதினது.

சும்மா_வந்தேன்:
அந்த முதல் பாராவ வீட்டுல சத்தமா படிச்சுட்டேன். இப்ப எல்லாரும் என்னப் பாக்குறாங்க.

நீரோட்டம்:
இந்த மாதிரி ஒரே இடத்துல அலையும் எதிரியும் ரெண்டும் சேந்து செதுக்கறது எங்கயாவது இருக்கா?

முட்டைச்சிப்பி:
இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, கொஞ்சம் நீளமா எழுதறேன். லிட்டோரினா சாக்சட்டிலிஸ்னு ஒரு சின்ன நத்தை, ஸ்வீடன் மேற்குக் கரை. கூழாங்கல் கரையில நண்டு ஜாஸ்தி, அங்க இருக்கற நத்தை பெருசு, ஓடு தடிமன், வாசல் குறுகல், லேசா தொட்டாலே உள்ள போயிடும், பயந்தாங்கொள்ளி. ஐம்பது மீட்டர் தள்ளி அலை மோதுற பாறை, அங்க நண்டு நிக்க முடியாது, அங்க இருக்கறது குட்டி, ஓடு மெல்லிசு, வாசல் அகலம், பெரிய பாதத்த வெச்சு பாறைய கவ்விக்கும், தைரியசாலி. ஒரே இனம்தான். ஆனா நத்தை தன்னோட அளவுக்குப் பக்கத்துல இருக்கறதோடதான் ஜோடி சேரும், அதனால பெருசும் சிறுசும் கலக்கறது தானா குறையுது. நண்டு ஓட்ட மாத்திச்சு, ஓடு ஜோடிய மாத்திச்சு.

இதுல முக்கியமானது என்னன்னா இந்த நத்தை முட்டைய தண்ணியில விடாது, அம்மா ஓட்டுக்குள்ளயே வெச்சுப் பொரிச்சு குட்டி நத்தையாவே வெளிய விடும். குட்டி பொறந்த கல்லுலயே வளரும். அதனால அந்தக் கல்லு என்ன கேக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி தலைமுறை தலைமுறையா மாற முடியுது. இதோட சொந்தக்காரன் லிட்டோரினா லிட்டோரியா முட்டைய கடல்ல விட்டுடும், லார்வா வாரக்கணக்குல மிதந்து எங்கயோ போய் இறங்கும், அலைப்பாறை பிள்ளை நண்டுக் கரையில, நண்டுக் கரை பிள்ளை அலைப்பாறையில. அதுல இப்படி ஊருக்கு ஊரு தனி ரகம் உருவாகறது கஷ்டம்.

1988ல அங்க ஒரு விஷப் பாசி வந்து சின்ன சின்ன பாறைத் திட்டுல இருந்த நத்தை எல்லாம் செத்துப் போச்சு. குட்டி தண்ணியில மிதந்து வராதுங்கறதால நாலு வருஷம் ஆகியும் காலிதான். 1992ல கெர்ஸ்டின் யோஹான்னெசன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அலை மோதுற அந்தத் திட்டுல வேணும்னே தப்பான நத்தைய, நண்டுக் கரை நத்தையக் கொண்டுபோய் விட்டாங்க. நண்டே இல்லாத இடத்துல. முப்பது வருஷம் பொறுத்திருந்து பாத்தாங்க, ஏறக்குறைய 30 தலைமுறை. பேரப்பிள்ளைங்க குட்டியாகி, ஓடு மெலிஞ்சு, நிறம் மாறி அலை ரகத்துக்கு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. 2024ல வெளியிட்டாங்க. ஒரு ஆளு வேலைக்குச் சேந்து ரிடையர் ஆகற நேரத்துல ஒரு பரிணாமம் முடிஞ்சிருக்கு.

கொட்டலசு_ரசிகன்:
நாலு வருஷம் காலியா கிடந்த திட்டுதான் எனக்கு நிக்குது. பிள்ளைய கைக்குள்ள வெச்சு வளத்தா இடத்துக்கு ஏத்தபடி தேறும், ஆனா ஊரே அழிஞ்சா திரும்ப வர ஆள் இல்ல. தண்ணியில தூக்கி எறிஞ்சா லட்சத்துல ஒண்ணு பொழைக்கும், ஆனா எந்தக் காலி இடத்துக்கும் போய்ச் சேரும்.

அரைத்தூக்கம்:
தூக்கி எறியற ரகம் அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதா? லார்வா மிதக்குது, மீன் வருது, கதை முடிஞ்சதா?

முட்டைச்சிப்பி:
சாண்ட் டாலர் இருக்கே, தட்டையா நாணயம் மாதிரி, கடல் முள்ளெலிக்குச் சொந்தம். அதோட நாலு நாள் லார்வா இருக்கற தண்ணியில மீனோட சளிய மட்டும் கலந்து பாத்தாங்க, மீன் கூட இல்ல, வாசனை மட்டும். 24 மணி நேரத்துக்குள்ள லார்வா தன்னயே ரெண்டாப் பிரிச்சுக்கிச்சு, ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டும் சைஸ் சின்னது. கண்ணால பாத்துப் பிடிக்கற மீனுக்கு சின்னது எளிதில படாது. 2008, வாஷிங்டன் மாநிலத்துல செஞ்ச வேலை.

சும்மா_வந்தேன்:
நாலு நாள் வயசுல குளோனிங். நான் நாப்பதுல பாஸ்வேர்டு மறக்கறேன்.

மேல்மாடி:
எல்லாம் சுவாரஸ்யம்தான், ஆனா "முடிவெடுக்குது", "தெரிஞ்சு வெச்சிருக்கு"ங்கற மாதிரி பேசாதீங்கப்பா, பள்ளிக்கூடப் பசங்க படிப்பாங்க. லார்வாவுக்கு மூளையா இருக்கு முடிவெடுக்க?

பழைய_தொட்டி:
ஐயா, "மழை வரப் பாக்குது"ன்னு நாம சொல்றோம், மேகத்துக்குக் கண்ணு இருக்குன்னு யாரும் நெனைக்கறதில்ல. விடுங்க.

நீரோட்டம்:
மேல்மாடி சொல்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு. எல்லாப் பழக்கத்துக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தே ஆகணும்னு தேட ஆரம்பிச்சிடறோம். 1978ல ஜொஹான்னஸ்னு ஒருத்தர், வெப்பமண்டல கரையோர மீனுங்க பல இனம் பாறை விளிம்புக்குப் போய், நிலாவப் பாத்து, வத்தத்தோட முட்டைய வெளிக்கடலுக்கு அனுப்புது, பாறையோர வாய்களுக்குத் தப்பிக்கத்தான்னு எழுதினாரு. அந்த நிலாக் கணக்கு பெரும்பாலும் பலாவு தீவு மீனவங்ககிட்ட உக்காந்து கேட்டு எழுதினது, அதுக்கு அவர எனக்குப் பிடிக்கும். ஆனா கரீபியன் ப்ளூஹெட் ராஸ் மீன் தினமும் பட்டப்பகல்ல, நடு மத்தியானம் முட்டை விடுது. அதுக்கு என்ன சொல்றது? முட்டைக்கு நல்லதா, பெத்தவனோட வசதியா? பெரிய மீன் வேட்டைக்கு வர்ற அந்தி நேரத்துல பாறைய விட்டு மேல எழும்பினா பெத்தவனே காலி, அதனால பகல்லன்னு வெச்சுக்கலாம். தின்னப்படறது முட்டை மட்டும் இல்ல, முட்டை போடற ஆளும்தான், ரெண்டுக்கும் இழுபறி.

முட்டைச்சிப்பி:
அந்த இழுபறில புதுசா ஒரு வாய் நுழைஞ்சிருக்கு, நாமதான். கரீபியன் பக்கத்து நசாவ் களவா மீன் குளிர்காலப் பௌர்ணமிய ஒட்டி வருஷா வருஷம் ஒரே இடத்துல ஆயிரக்கணக்குல கூடி முட்டை போடும். சுறாவுக்கு அது ஒரு ராத்திரி விருந்து, மிச்சம் நிறைய தப்பிக்கும். மனுஷனுக்குத் தேதியும் இடமும் தெரிஞ்சா மொத்தமும் ரெண்டு மூணு வருஷத்துல காலி. கூட்டமா சேர்றதுதான் பாதுகாப்புன்னு இருந்தது அப்படியே தலைகீழ். கேமன் தீவுகள்ல 2003ல தடை போட்டாங்க, லிட்டில் கேமன்ல இருக்கற கூட்டம் 2009லேர்ந்து 2018க்குள்ள மூணு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. இன்னொண்ணு, 2002ல வந்த சோதனை, அட்லாண்டிக் சில்வர்சைட் மீன டேங்க்ல வளத்து ஒரு பக்கம் ஒவ்வொரு தலைமுறையிலயும் பெருச பெருசா பிடிச்சு வெளிய எடுத்தாங்க, இன்னொரு பக்கம் சிறுச எடுத்தாங்க. நாலே தலைமுறை, சிறுச எடுத்த பக்கத்து மீன் சராசரி எடை மத்ததப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பெருசத்தான் பிடிப்பேன்னு வலைக் கண்ண வெச்சா குட்டையா இருக்கறவன்தான் அப்பன் ஆவான். கனடா கிழக்குக் கரையில காட் மீன் 1992ல மொத்தமா சரிஞ்சதுக்கு முன்னாடியே சின்ன வயசுல, சின்ன சைஸ்லயே முட்டை போட ஆரம்பிச்சிருந்துச்சு, அத யாரும் எச்சரிக்கையா எடுத்துக்கல.

நீரோட்டம்:
சில்வர்சைட்டுக்கு இன்னொரு கூத்து இருக்கு, குஞ்சு வளர்ற தண்ணி குளிர்ச்சியா இருந்தா பொம்பள ஜாஸ்தி, சூடா இருந்தா ஆம்பள ஜாஸ்தி. பொண்ணா பையனான்னு தண்ணி முடிவு பண்ணுது. (மேல்மாடி ஐயா, "முடிவு பண்ணுது"தான், மன்னிச்சிடுங்க.)

அரைத்தூக்கம்:
மக்களே அப்டேட். மூணாவது முட்டை. நீல எல்இடிய கழட்டி டிராயர்ல போட்டேன், ஹால் விளக்கு கசியுதுன்னு கனமான போர்வை ரெண்டு போத்தினேன், ஏர் பம்ப்ல ஒரு சிவப்புப் புள்ளி எரியும், அதுக்கும் டேப் ஒட்டினேன். எட்டாம் ராத்திரி. ஒண்ணரை மணி நேரம் கழிச்சு போர்வையத் தூக்கி மங்கலா சிவப்பு டார்ச் அடிச்சா சட்டியில பாதி வெறும் தோல்! பயந்துட்டேன், அப்பன் தின்னுட்டானோன்னு. அப்புறம் மூலையில டார்ச்சக் காட்டினா சின்னச் சின்ன ஊசிக் கண்ணு ஒவ்வொண்ணா வெளிச்சத்துக்கு வந்து சேருது. ஒரு நூறு இருக்கும். பொரிக்கறதுக்கு வெளிச்சம் ஆகாது, பொரிச்ச அடுத்த நிமிஷம் வெளிச்சத்த நோக்கி ஓடுது, இது என்ன நியாயம் அண்ணே?

பழைய_தொட்டி:
கடல்ல வெளிச்சம் மேல இருக்கும், மேல போனா பாறையோர வாயெல்லாம் கீழ போயிடும். நியாயத்த அப்புறம் பாக்கலாம், ராட்டிஃபர் (குஞ்சு தின்னற கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிர்) வெச்சிருக்கியா? காலையில பசிக்கும் அதுங்களுக்கு. மக்கால அள்ளு, வலை போடாத, தண்ணிய ஓட்டற பவர்ஹெட் பம்ப நிறுத்திடு.

அரைத்தூக்கம்:
ராட்டிஃபர் ரெடி அண்ணே, பாட்டில்ல பச்சையா இருக்கு. அப்பன் காலி சட்டிய வாயாலயே தேச்சு சுத்தம் பண்ணிட்டு இருக்கான்.